சும்மா இருக்கும் கை

கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது. வேட்டி ஓரத்தைக் கிழித்துத் திரித்த நாடா, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. கட்டியவன் தனபால். முப்பத்தொரு வருஷமாக எனக்கு மேக்கப் போடுகிறவன், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வலது கை திருடன், இடது கை போலீஸ்காரன், இரண்டு பேரையும் ஒரே விலங்கில் மாட்டி வயிற்றின் மேல் வைத்தாயிற்று. கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். மர பெஞ்சின் மேல் ஜமுக்காளம், அதன் மேல் நான், என் மேல் மூன்று மாலைகள். சம்பங்கி மாலைதான் கனம். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வேட்டி வயிற்றோடு ஒட்டிவிட்டது. மூக்கில் பஞ்சு, உள்ளே தள்ளாமல் வாசலில் மட்டும் வைத்தது, ஓரமாகக் காற்று வரும். போரூர் தாண்டி, படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடுகிற வீடு இது. இந்தக் கூடத்தில் எனக்கு இது மூன்றாவது சாவு. முதல் தடவை ஜமீன்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உருண்டேன். இரண்டாவது ஒரு சீரியல், மருமகள் பாயசத்தில் ஏதோ கலந்தாள். இந்தத் தடவை கதாநாயகனின் அப்பா, ஓய்வு பெற்ற தபால்காரர். சாவதைக் காட்டப் போவதில்லை, நேராகப் பிணம்தான். தூரத்திலிருந்து எடுக்கிற ஷாட் முடிந்துவிட்டது. இப்போது கிட்டத்திலிருந்து எடுப்பதற்காக விளக்குகளை நகர்த்துகிறார்கள், தரையில் இரும்பு இழுபடும் சத்தம் பெஞ்சு வழியாக என் பின்மண்டைக்கு வருகிறது. எழுந்திருக்கலாமா என்று கேட்டேன். "மாலை இடம் மாறிடும் சார், அப்புறம் ஷாட் ஒட்டாது. அப்படியே இருந்துடுங்களேன்" என்றார் உதவி இயக்குநர். இருக்கிறேன். நாற்பத்து மூன்று வருஷம் அப்படியே இருந்தவன்தானே.

நாடா என்னுடைய யோசனை. காலையில் இயக்குநர் சுதாகர், கைகள் இரண்டும் பக்கத்தில் நீட்டிக் கிடக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. "தம்பி, உசுரு போனதும் முதல் வேலையா கட்டை விரலைத்தானே கட்டுவாங்க? இல்லேன்னா கை விறைச்சு ஒரு பக்கமாப் போயிடுமே" என்றேன். "அட, ஆமா சார்! இதுக்குத்தான் சார் உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்ங்கறது" என்று என் தோளைத் தட்டினார். தனபால் குனிந்து தன் பெட்டியில் எதையோ தேடினான், பெட்டியில் தேட ஒன்றுமில்லை. கட்டாத கை செய்வதைச் சுதாகர் பார்த்தால் பரவாயில்லை, அவர் படம் இன்றோடு எனக்கு முடிந்துவிடும். பொற்கொடி பார்க்கக் கூடாது. அவள் மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுதாகரிடம் ஆறு வருஷம் உதவியாளராக இருந்தவள், இப்போது சொந்தமாக முதல் படம் எடுக்கிறாள். அதில் நான் சவரத் தொழிலாளி. அப்பா இல்லை, மாமனார் இல்லை, கதாநாயகிக்குத் தாலி எடுத்துக் கொடுக்கிற பெரியவர் இல்லை. படமே நான். இன்னும் பன்னிரண்டு நாளில் கோவில்பட்டியில் படப்பிடிப்பு. அச்சடித்த திரைக்கதையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், "நீங்க படுத்திருக்கிறதைப் பார்த்துட்டே போறேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். கதையில் அந்தத் தொழிலாளியின் மகளைக் கொன்றவன், தண்டனை முடிந்து வந்து, ஆள் தெரியாமல் அவர் கடையிலேயே சவரத்துக்கு உட்காருகிறான். ஏழு நிமிஷம், வெட்டாமல் ஒரே ஷாட். கத்தி தொண்டையில். "அந்தக் கை நடுங்கவே கூடாது சார். அவர் அவனை வெட்டலை, ஆனா நடுங்கவும் இல்லை. அதுதான் சார் படம்" என்று என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து சொன்னாள். நான் சரி என்றேன். வலது கையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன்.

எதையாவது பிடித்துக்கொண்டால் போதும். அதுதான் இந்த வியாதியின் வேடிக்கை. மருத்துவர் தாளில் படம் வரைந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "வேலை செய்யறப்ப உங்க கை நடுங்காது. சும்மா இருக்கிறப்பதான் நடுங்கும். பேனா எடுங்க பார்க்கலாம்." எடுத்தேன். நின்றது. "கீழ வைங்க." வைத்தேன். ஆடியது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி. நான் அவரிடம் கண்ணுசாமி நாயுடுவைப் பற்றிச் சொன்னேன். கடலூர் மின்வாரிய அலுவலகத்தில் எனக்குத் தலைமை எழுத்தர். டம்ளரைத் தூக்கினால் பாதி காபி கோப்பில்தான் விழும். மேசையில் கை வைத்திருக்கும்போது மரக்கட்டை மாதிரி அசையாமல் இருக்கும், தூக்கினால்தான் ஆட்டம். "அது வேற, உங்களுக்கு இருக்கிறது வேற. நேர் எதிர்" என்றார் மருத்துவர். நேர் எதிர். நான் நாயுடுவின் கையைத்தான் திருடினேன். இருபத்தேழு வயதில், என்னைவிட நான்கு வயது மூத்த கதாநாயகனுக்கு அப்பாவாக முதல் வாய்ப்பு. தலையில் வெள்ளை அடித்துவிட்டார்கள், முகம் மட்டும் பையன் முகமாகவே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காபி டம்ளரைத் தூக்கும்போது நாயுடுவின் நடுக்கத்தை எடுத்துப் போட்டேன். மறுநாள் படக்குழு முழுக்க அதே பேச்சு. படம் வந்ததும் ஒரு வார இதழில் 'கலியமூர்த்தியின் கையே தனியாக நடிக்கிறது' என்று எழுதினார்கள். வேலையை விட்டேன். அதன் பிறகு போலீஸ் கமிஷனர், குருடன், பாதிரியார், கஞ்சன், திருநங்கை, மாட்டுத் தரகன், தூக்கு மேடைக் கைதி என்று எது கொடுத்தாலும் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை, ஒரு குரல், ஒரு இருமல். 'எந்த வேஷமும் பொருந்தும்' என்றார்கள். எல்லாம் பொருந்துகிறவனுக்கு தனியாக ஒரு வேஷம் எழுத வேண்டியதில்லை என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். மிச்சம் இருக்கிற வேஷத்தை எனக்குக் கொடுப்பார்கள். நாயுடு படத்தைப் பார்த்தாரா என்று தெரியாது. அவருடைய மகள் ஒரு கடிதம் போட்டாள், 'அப்பா இப்போதெல்லாம் வெளியே காபி குடிப்பதில்லை' என்று ஒரே வரி. அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டேனா? போடவில்லை. போட்டேன் என்று ஒரு பேட்டியில் சொன்னேன். இரண்டு வருஷம் முன்பு எனக்கு ஆரம்பித்தபோது என் மனைவி தையல்நாயகிக்கே புரியவில்லை. சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், கை தொடையில் தாளம் போடுகிறது. "என்னங்க, இப்ப என்ன வேஷம்?" என்றாள். "ஒரு கிழவன்" என்றேன். நான்கு மாதம் அந்தக் கிழவனை வீட்டில் வைத்துக் காப்பாற்றினேன். நாற்பது வருஷம் ஒருவனோடு குடித்தனம் செய்தவளுக்கு அவன் நோய்க்கும் ஒத்திகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது யார் குற்றம்? அப்புறம் அதையே வழியாக்கிக்கொண்டேன். சும்மா இருக்கிற கை ஆடினால் கேமராவில் தெரிந்துவிடும், ஆகவே கடைசி மூன்று படத்திலும் வேலை செய்கிற கையையும் வேண்டுமென்றே ஆட்டினேன். டம்ளர் பிடித்தால் ஆட்டம், சாவி பிடித்தால் ஆட்டம். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கிழவனாகத் தெரியும். 'பழைய கலியமூர்த்தி திரும்பி வந்துவிட்டார்' என்று எழுதினார்கள். எந்த வேஷத்திலும் இதை ஒளித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிணத்தை மறந்துவிட்டேன். பிணம் கையில் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது.

தலைமாட்டில் அழுவதற்காக வந்திருக்கிற பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றிலை வாசனை. "யக்கா, இந்தாளு எங்கிட்ட எத்தனாவது தடவை சாவறாரு தெரியுமா?" இது ரஞ்சிதம், குரலை வைத்தே தெரியும். "எனக்கு அஞ்சு. உனக்கு?" என்றது வசந்தா. "ஏழு. ஒரு தடவை எனக்கே புருஷனா செத்தாரு. அன்னிக்கு மட்டும் நல்லா அழுவ வந்துச்சு." "ஏன்டி?" "மத்தியானம் சாப்பாடு லேட்டுக்கா." இருவரும் சிரிக்கிறார்கள். யாரோ "உஸ்" என்கிறார்கள். "கேட்டா கேட்டுட்டுப் போறாரு, நல்ல மனுசன். மேக்கப்புக்கு அடியிலேயே கெடந்து எங்க மூஞ்சியே மறந்துபோச்சு அவருக்கு. அன்னிக்கு லிஃப்ட்ல என்னைப் பார்த்து வணக்கம்மா, நீங்க யாருன்னாரு. ஏழு தடவை அழுதிருக்கேன்." எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிற்றை இறுக்கிக்கொள்கிறேன், மாலை ஏறி இறங்கக் கூடாது. நிஜமாகவே ரஞ்சிதத்தின் முகம் எனக்குத் தெரியாது. அவள் அழும்போதெல்லாம் நான் கண்ணை மூடியிருந்தேன். நான் போகிற அன்றைக்கு இவர்கள் வருவார்களா? கூப்பிட்டால் வருவார்கள். அன்றைக்கும் கட்டை விரலைக் கட்டுவார்கள். அன்றைக்கு நாடா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மருத்துவர் சொன்னார், தூக்கத்தில் இந்த நடுக்கம் நின்றுவிடும் என்று. தூங்கிவிடலாமா? இப்போது, இங்கேயே? நாளெல்லாம் வெயிலில் நடந்த தபால்காரர் மாதிரி தூங்கிவிட்டால்? தூங்கினால் குறட்டை வருமே.

வாசனைத் தைலம். விஹான் வந்துவிட்டான். கதாநாயகன், படத்தில் என் மகன், முப்பது வயது, நல்ல பையன், வரும்போதெல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிடுவான். பிணத்தின் காலையும் தொடுகிறான், கட்டைவிரல் சில்லென்கிறது. "சுதா, எனக்கு ஒரு ஐடியா" என்கிறான். "அப்பா இத்தனை வருஷம் எனக்கு லெட்டர் கொண்டுவந்து குடுத்த கை. அந்தக் கையை எடுத்து என் கன்னத்துல வச்சுக்கறேன். அப்படியே உடையறேன். டயலாக்கே வேணாம்." நல்ல யோசனைதான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "செம" என்கிறார் சுதாகர். "அந்தக் கட்டை அவுத்துடுங்கப்பா." கண்ணைத் திறக்கிறேன். விளக்கு நேராக அடிக்கிறது, யார் முகமும் தெரியவில்லை. "தம்பி, கட்டின கட்டை அவுக்க மாட்டாங்களே. பார்க்கிறவங்க குத்தம் சொல்லுவாங்க." "சார், எமோஷன்ல யாரு சார் அதையெல்லாம் பார்க்கப் போறா?" "போன ஷாட்ல கட்டியிருக்கே?" "அவனே அவுக்கிறான் சார், மகன்தானே. அதுவே இன்னும் நல்லாயிருக்கும்." எல்லாக் கதவுக்கும் அவரிடம் சாவி இருந்தது. தனபால் வந்து குனிகிறான், அவன் விரல்கள் முடிச்சைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. "அண்ணே, சொல்லிடட்டுமா?" என்கிறான் உதடு அசையாமல். "என்னன்னு?" "உடம்பு சரியில்லன்னு." "பிணத்துக்கு உடம்பு சரியில்லன்னா?" அவன் முடிச்சை அவிழ்த்துத் தளர்வாகச் சுற்றி வைக்கிறான்.

டேக். ரஞ்சிதமும் வசந்தாவும் ஓலமிடுகிறார்கள். விஹான் நாடாவை உருவுகிறான். கையை எடுக்கப் போகிறான், எடுத்துவிட்டான், இப்போது வலது கை என்னுடையதல்ல. எதையும் நினைக்கக் கூடாது. மனக்கணக்குப் போடச் சொல்லித்தான் மருத்துவர் நடுக்கத்தை வெளியே வரவழைத்தார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று. அதை மட்டும் நினைக்கக் கூடாது. தொண்ணூற்று மூன்று. வேண்டாம். வேறு ஏதாவது, கடலூர் கடற்கரை, தையல்நாயகி ஈரப் புடவையைப் பிழிகிறாள், எண்பத்தாறு, பாதிரியாராக நடித்தபோது சிலுவைக் குறி இடப்பக்கமா வலப்பக்கமா என்று, எழுபத்தொன்பது, அவன் கன்னம் சூடாக இருக்கிறது, கண்ணீர் நிஜம், நல்ல நடிகனாக வருவான், எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஆரம்பித்துவிட்டது. முதலில் கட்டை விரல். விஹான் கன்னத்தில் தட்டுகிறது. அவன் தெரிந்துகொண்டுவிட்டான், அவன் பிடி இறுகுகிறது, மறைக்கப் பார்க்கிறான், பாவம், பிடிக்கப் பிடிக்க மணிக்கட்டு ஆடுகிறது. "கட். சார், தூங்கிட்டீங்களா? கை ஆடுது." சிரிப்பு. "ஏசி குளிருதுப்பா" என்கிறேன். ஏசியை நிறுத்துகிறார்கள். இரண்டாவது டேக், எண்பத்தாறிலேயே வந்துவிட்டது. மூன்றாவது டேக்கில் எண்ணவே இல்லை, கையை எடுக்கும் முன்பே ஆடியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "சாருக்கு ரெஸ்ட் குடுத்துடலாம் சுதா" என்கிறான் விஹான், மெதுவாக, நல்ல பையன், அந்த நல்லதனம் ஊசி மாதிரி இறங்குகிறது. சுதாகர் தனபாலைக் கூப்பிடுகிறார். "அண்ணே, உங்க கையும் வயசான கைதானே? பெஞ்சுக்கு இந்தப் பக்கம் குந்திக்கிட்டு மாலைக்கு அடியில இருந்து கையை மட்டும் குடுங்க. சார் முகம், உங்க கை. ஒரே ஃபிரேம்ல வந்துடும்." தனபால் என் காதருகே குந்துகிறான். "மன்னிச்சுக்கங்கண்ணே." அவன் கை என் விலாவை ஒட்டி நீள்கிறது, பவுடர் வாசனை. என் வலது கையை முதுகுக்கு அடியில் செருகிவிட்டார்கள். விஹான் தனபாலின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உடைந்து அழுகிறான். ரஞ்சிதம் நிஜமாகவே விசும்புகிறாள். பிரமாதம், பிரமாதம் என்று கைதட்டுகிறார்கள்.

பஞ்சை எடுத்துவிட்டு உட்கார்கிறேன். பொற்கொடி வருகிறாள், தோளில் துணிப்பை, அதில்தான் திரைக்கதை இருக்கிறது, தடிமன் தெரிகிறது. பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறாள். "எத்தனை நாளா சார்?" பொய் சொல்ல நாற்பது விதம் தெரியும். சொல்லவில்லை. "ரெண்டு வருஷம். ஆனா கேளும்மா, இது சும்மா இருக்கிறப்பதான். வேலை செஞ்சா நின்னுடும். கத்தி பிடிச்சா நடுங்காது." அவள் தலையை ஆட்டுகிறாள். "போன படத்துல சாவி பிடிச்சப்ப நடுங்குச்சே சார்? டம்ளர்லயும்." "அது நடிப்பும்மா." "சரிங்க சார்." அந்தச் சரிங்க சார் எனக்குப் பிடிக்கவில்லை. "தனபால், அந்தப் புருவ பிரஷ்ஷைக் குடு." தனபால் கொடுக்கிறான். கறுப்பு மையைத் தொட்டு, என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு இழுக்கிறேன், மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு. கை கல் மாதிரி இருக்கிறது. அளவுகோல் வைத்துப் போட்டது போன்ற கோடு. பக்கத்தில் இன்னொன்று. அவள் கண் விரிகிறது. அப்பாடா. நாற்பத்து மூன்று வருஷத்தில் இதுதான் நான் நடிக்காமல் செய்து காட்டின முதல் காரியம். "எப்படி சார் அடக்கிக்கறீங்க?" என்கிறாள் பொற்கொடி. குரலில் நிஜமான வியப்பு. "அடக்கலைம்மா, அது தானாவே." "இல்ல சார், நீங்க எதையும் பண்ணிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா எவ்வளவு நேரம் அடக்க முடியும்? எனக்கு ஏழு நிமிஷம் சார். உங்களை அப்படி வதைக்க எனக்கு மனசு வராது." என்ன சொல்வது? ஆடியது பொய், ஆடாதது நிஜம், சும்மா ஆடுவது நோய், பிடித்து ஆடியது வேஷம் என்றா? நானே கேட்டால் நம்ப மாட்டேன். மருத்துவரின் சீட்டைக் கொண்டுவந்து காட்டலாம், அதில் என் பெயருக்குப் பக்கத்தில் வியாதியின் பெயர்தான் இருக்கும். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறாள். "ஷெட்யூல் கொஞ்சம் தள்ளிப் போகும்னு நினைக்கிறேன் சார். நானே கூப்பிடறேன்." இந்த வசனத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். இவள் மோசமாகச் சொல்கிறாள், பை நாடாவைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "அதைச் சொல்றப்ப ஆளோட கண்ணைப் பார்த்துச் சொல்லணும்மா. இல்லேன்னா எடுபடாது." அவள் முகம் சிவந்துவிடுகிறது. காலைத் தொட வருகிறாள். நான் கால்களைப் பெஞ்சின் மேல் இழுத்துக்கொள்கிறேன். அவள் வாசல் பக்கம் போகிறாள், யாருக்கோ வழி விட்டு ஒதுங்குகிறாள், வெயிலில் இறங்குகிறாள். அந்தக் கத்தியை யார் பிடிப்பார்கள்? எவனாவது பிடிப்பான். கொஞ்சம் வயது குறைந்தவன், தலையில் வெள்ளை அடித்துக்கொண்டு. கையின் நிதானத்துக்கு அவனுக்கு விருது கொடுப்பார்கள், நான் தொலைக்காட்சியில் பார்ப்பேன், பார்க்க மாட்டேன், பார்ப்பேன். தையல்நாயகியிடம் என்ன சொல்வது? ஷெட்யூல் தள்ளிப் போயிருக்கிறது. கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்கிறார் உதவி இயக்குநர், சங்கடமாக. தெரியும். செத்துக் கிடந்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். படத்தில் வராது. பிணமாகப் பதிவானதே அவனுடைய கடைசிப் பதிவாக இருந்துவிடக் கூடாது என்று ஒரு சாங்கியம். மாலையைக் கழற்றுகிறார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த காசைத் தனபால் பிய்த்தெடுத்துவிட்டு, விபூதியை ஈரத்துணியால் அழிக்கிறான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியை மட்டும் பார்க்கிறான். "முகம் மட்டும்தானே?" என்று கேட்கிறேன். "முகம் மட்டும்தான் சார்." வலது கை மடியில் ஆடுகிறது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். இடது கையையும் வைத்துக்கொள்கிறேன், அது என்ன பாவம் செய்தது, துணைக்கு இருக்கட்டும். விளக்கு எரிகிறது. விஹான், சுதாகர், அழுத பெண்கள் எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் வரிசையாக நின்று, எனக்கு எடுத்துக் காட்டுகிற மாதிரி சிரிக்கிறார்கள். "சிரிங்க சார்." எந்தச் சிரிப்பு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பற்கள் தெரிய, கண் சுருங்க, கன்னம் ஏற, அவர்கள் போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தாமல் சிரிக்கிறேன்.